முடிக்காமல் விட்ட நிலம்: குழந்தைகளின் இயற்கை விளையாட்டு வெளிகள் எப்படி உருவாகின்றன?

சறுக்குமரம் உள்ள எந்த விளையாட்டுத் திடலிலும் சற்று நேரம் நின்றால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். படிக்கட்டு ஒரு பக்கம் சும்மா கிடக்கும். ஒரு குழந்தை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சறுக்குப் பலகையின் அடியிலிருந்து வெறுங்காலோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "அப்படி ஏறக் கூடாது, படியில் ஏறு" என்பார். குழந்தை இறங்கிவிடும். அவர் தலையைத் திருப்பியதும் மறுபடியும் ஏறத் தொடங்கும். இதற்கு நாம் குறும்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தக் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதோ வழுக்கும் சரிவு ஒன்று. சரிவு என்றால் இறங்கலாம், ஏறலாம், கல்லை உருட்டிவிடலாம், தண்ணீரை ஊற்றி அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். இவற்றில் ஒன்றை மட்டும் அனுமதித்து மற்றதையெல்லாம் தவறு என்று ஆக்கியது அதைத் தயாரித்தவரின் எண்ணம்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1979இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு கோட்பாட்டையே வகுத்தார். ஓர் உயிர் தன் சுற்றுப்புறத்தைப் பார்க்கும்போது, அது தனக்கு எதற்கு இடம்கொடுக்கிறது என்பதையே நேரடியாகக் காண்கிறது என்றார் அவர். முழங்கால் உயரப் பாறை பெரியவருக்கு உட்கார இடம்கொடுக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவே ஏறிக் கடக்க வேண்டிய மலை. 'இடம்கொடுத்தல்' என்ற தமிழ்ச் சொல் இந்தக் கருத்துக்காகவே காத்திருந்தது போல் பொருந்துகிறது. 1988இல் ஹாரி ஹெஃப்ட் என்ற உளவியலாளர் இதைக் குழந்தைகளின் இடங்களுக்குக் கொண்டுவந்தார். ஓர் இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பெயர்ச்சொற்களில் பட்டியல் போடுவதை விட்டு, அங்கே என்னென்ன செய்யலாம் என்று வினைச்சொற்களில் பட்டியல் போட்டார்: ஏறலாம், ஒளியலாம், எறியலாம், பிசையலாம், தாவலாம்.

இயற்கை விளையாட்டு வெளியை வடிவமைப்பது இந்தப் பட்டியல் மாற்றத்தில்தான் தொடங்குகிறது. ஊஞ்சல் இரண்டு, சறுக்குமரம் ஒன்று, ஏறுகம்பி ஒன்று என்று எழுதினால் வாங்கிப் பொருத்தி, பெயர்ப்பலகை வைத்து, வேலை முடிந்தது என்று கையெழுத்திட்டுவிடலாம். வினைச்சொற்களில் எழுதினால் வேலை எளிதில் முடியாது. என் கருத்தில் முடியவும் கூடாது. நல்ல விளையாட்டு வெளி என்பது வடிவமைப்பாளர் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டுச்சென்ற நிலம். எதை முடிப்பது, எதைக் குழந்தைகளுக்கு மிச்சம் வைப்பது என்று தீர்மானிப்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

தோட்டத்திலிருந்து குப்பைமேடு வரை

இந்த எண்ணம் புதிதன்று. 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் ஃபிரீட்ரிக் ஃபிராபெல் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் வழங்கும் அந்தச் சொல்லில் 'தோட்டம்' இருப்பதை நாம் மறந்தே போனோம். ஃபிராபெலுக்கு அது உருவகம் மட்டுமன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகள் என்று உண்மையான மண்ணில் உண்மையான தோட்டம் போட வைத்தார். தன் பாத்திக்குத் தான் பொறுப்பு, பொதுப் பாத்திக்கு எல்லோரும் பொறுப்பு என்பதைக் குழந்தை பாடமாகப் படிக்காமல் களைபிடுங்கிக் கற்றது. பிறகு வந்த எத்தனையோ மழலையர் பள்ளிகள் பெயரை வைத்துக்கொண்டு தோட்டத்தைக் கைவிட்டன.

அடுத்த பெரிய திருப்பம் டென்மார்க்கில் நிகழ்ந்தது. நிலக்காட்சிக் கலைஞர் கார்ல் தியோடர் சோரன்சன் பல விளையாட்டுத் திடல்களை வடிவமைத்தவர். தாம் அழகாக அமைத்துக் கொடுத்த திடல்களை விட்டுவிட்டு, கட்டுமானம் நடக்கும் மனைகளிலும் குப்பை கிடக்கும் வெற்றிடங்களிலும் குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்தார். சுயமரியாதை உள்ள எந்த வடிவமைப்பாளருக்கும் இது கசக்கும். சோரன்சன் கசந்துகொண்டு உட்காரவில்லை. குழந்தைகள் போகும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதையே திடலுக்குள் கொண்டுவரலாம் என்று 1931இல் எழுதினார். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, கோபன்ஹேகனின் எம்டிரப் பகுதியில் அப்படியொரு திடல் திறக்கப்பட்டது. பலகை, செங்கல், கயிறு, ஆணி, சுத்தியல், மண் ஆகியவற்றோடு ஜான் பெர்டெல்சன் என்ற பொறுப்பாளர் ஒருவரும் அங்கே இருந்தார். குழந்தைகள் குடிசை கட்டினார்கள், இடித்தார்கள், குழி தோண்டினார்கள். தாம் உருவாக்கியவற்றிலேயே இதுதான் பார்க்க மிக அசிங்கமானது, ஆனாலும் தம் படைப்புகளில் சிறந்தது இதுவே என்று சோரன்சன் பின்னாளில் சொன்னார். போர் முடிந்ததும் அங்கே சென்று பார்த்த மார்ஜரி ஆலன் என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலை வல்லுநர், குண்டு விழுந்து பாழான லண்டன் மனைகளையும் இப்படி மாற்றலாம் என்று 1946இல் எழுதி ஓர் இயக்கத்தையே தொடங்கிவைத்தார்.

இந்தக் கதையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. எம்டிரப்பில் மரமும் புதரும் முக்கியமல்ல. கைக்கு அடங்கும், இடம் மாற்றக்கூடிய பொருள்கள்தான் முக்கியம். 1971இல் சைமன் நிக்கல்சன் இதற்கு 'உதிரிப் பொருள்கள்' என்ற கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். ஓர் இடத்தில் மாற்றக்கூடியவை எத்தனை வகையாக, எத்தனை எண்ணிக்கையில் இருக்கின்றனவோ, அந்த அளவுக்கே அங்கே கண்டுபிடிப்பும் கற்பனையும் நடக்கும் என்பது அதன் சாரம். கட்டடக் கலைஞரும் சிற்பியும் தோட்டக்காரரும் பொருள்களோடு விளையாடும் இன்பத்தையெல்லாம் தாங்களே அனுபவித்துவிட்டு, விளையாடி முடித்த மிச்சத்தைக் குழந்தைகளிடம் கொடுக்கிறார்கள்; இது ஏமாற்று வேலை என்று அவர் குற்றம் சாட்டினார். அவருடைய பெற்றோர் பென் நிக்கல்சன், பார்பரா ஹெப்வொர்த் இருவருமே புகழ்பெற்ற கலைஞர்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால் குற்றச்சாட்டின் சூடு இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ராபின் மூர் என்ற வடிவமைப்பாளர் ஒரு தொடக்கப் பள்ளியின் வளாகத்தைக் கையில் எடுத்தார். சுமார் ஒன்றரை ஏக்கர் தார்த்தளம். அதில் ஒரு பகுதியைப் பெயர்த்து எடுத்துக் குளம், ஓடை, சிறு காடு, புல்வெளி என்று மாற்றினார்கள். மாணவர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு இருந்தது. பத்தாண்டுக் காலம் அந்த இடத்தைக் கவனித்து மூர் எழுதியவை இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். இப்போது நகரங்கள் வேறு காரணத்துக்காகவும் இதே வழிக்கு வருகின்றன. பாரிஸ் நகராட்சி 2018 முதல் பள்ளி முற்றங்களின் தார்த்தளத்தை உடைத்து மண்ணும் மரமும் கொண்டுவருவது, குழந்தைகளுக்காக மட்டுமின்றி வெப்ப அலையிலிருந்து நகரத்தைக் காக்கவும்தான்.

நன்மைக்கு என்ன சான்று?

இயற்கை வெளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உணர்ச்சிவசப்பட்டு அளவுக்கு மீறிச் சொல்வதுண்டு. ஆகவே சான்றுகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நார்வேயில் இங்குன் ஃபியோர்டாஃப்ட் 2001இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள 46 குழந்தைகள் ஒன்பது மாதம் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் பள்ளிக்கு அருகிலிருந்த காட்டில் விளையாடினார்கள். ஒப்பீட்டுக்கு வழக்கமான திடலில் விளையாடிய 29 குழந்தைகள். காட்டில் விளையாடியவர்களின் உடற்சமநிலையும் ஒருங்கிணைப்பும் தெளிவாக மேம்பட்டிருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சமதளத்தில் ஒவ்வோர் அடியும் ஒன்றுபோலவே இருக்கும். வேரும் பள்ளமும் உதிர்ந்த இலையும் உள்ள தரையில் ஒவ்வோர் அடியும் ஒரு கேள்வி. ஆனால் குழு சிறியது, குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவும் இல்லை.

பின்லாந்து ஆய்வு இன்னும் வியப்பானது. மூன்று முதல் ஐந்து வயதுள்ள 75 குழந்தைகள் பங்குபெற்ற அந்த ஆய்வில், சில பகல்நேரக் காப்பகங்களின் சரளை முற்றத்தில் காட்டுத்தரை மண்ணையும் புல்பத்தையையும் கொண்டுவந்து விரித்தார்கள். 28 நாளில் அங்கே விளையாடிய குழந்தைகளின் தோலிலிருந்த நுண்ணுயிர்களின் வகைமை கூடியது. நோயெதிர்ப்பைச் சீர்செய்யும் இரத்த அணுக்களின் போக்கிலும் மாற்றம் தெரிந்தது. 2020இல் இது வெளிவந்தது. இதனால் ஒவ்வாமை குறையும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. மண்ணில் கை வைத்தால் உடலுக்குள் ஏதோ நடக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

மூன்றாவது சான்று கண்ணைப் பற்றியது. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வில், ஆறேழு வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்க ஏற்பாடு செய்தார்கள். மூன்றாண்டு கழித்துக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பிரிவில் 30.4 சதவீதம், மற்றப் பிரிவில் 39.5 சதவீதம். இதை இயற்கை வெளியின் வெற்றி என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், இங்கே முதன்மைக் காரணமாகக் கருதப்படுவது வெளிச்சம். அதற்கு மரம்கூடத் தேவையில்லை. ஆனால் வெளியே போன குழந்தை நாற்பது நிமிடம் வெளியிலேயே இருக்க வேண்டுமென்றால், அங்கே இருக்கத் தகுந்த நிழலும் செய்யத் தகுந்த வேலையும் வேண்டும். அந்த இடத்தில்தான் வடிவமைப்பு நுழைகிறது.

முதலில் தரை

கருவிகளைப் பற்றி யோசிக்கும் முன் தரையின் வடிவத்தை யோசிக்க வேண்டும். சமதளம் மேற்பார்வைக்கு வசதி, பந்தாட்டத்துக்குத் தேவை. மற்றபடி குழந்தைக்கு அது எழுதாத சிலேட்டுகூட இல்லை, ஏனென்றால் அதில் எழுதவும் முடியாது. சிற்பி இசாமு நொகுச்சி 1933இலேயே, நியூயார்க்கில் கருவிகளே இல்லாமல் தரையை மடித்தும் உயர்த்தியும் 'விளையாட்டு மலை' ஒன்றை அமைக்கத் திட்டம் தந்தார். நகரப் பூங்காத் துறையை ஆண்ட ராபர்ட் மோசஸ் அதை நிராகரித்தார். தரையே விளையாட்டுப் பொருளாக முடியும் என்ற எண்ணம் அன்று வேடிக்கையாகத் தெரிந்திருக்கும்.

ஒரு மேடு போதும், நிறைய விளையாட்டு பிறக்கும். இரண்டு மீட்டர் உயரம் பெரியவருக்குச் சாதாரணம், குழந்தைக்கு அது கோட்டை. ஒரு பக்கம் தவழ்ந்து ஏறும் சரிவு, ஒரு பக்கம் உருளும் சரிவு, இன்னொரு பக்கம் கல்லும் வேரும் பிடித்து ஏறும் செங்குத்து என்று மூன்று வழி இருந்தால் மூன்று வயதுக் குழந்தைகளும் எட்டு வயதுக் குழந்தைகளும் ஒரே மேட்டில் இருக்கலாம். சறுக்குமரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் மேடு உதவும். பலகையைத் தூணில் நிறுத்தாமல் மேட்டின் சரிவிலேயே பதித்துவிட்டால் எங்கிருந்து விழுந்தாலும் அரை அடிக்கு மேல் விழ முடியாது. உயரத்தின் இன்பம் இருக்கும், வீழ்ச்சியின் உயரம் இருக்காது. கீழிருந்து ஏறுகிறவனையும் யாரும் திட்ட வேண்டியதில்லை.

மேட்டின் எதிரி அரிப்பு. நூறு குழந்தைகள் தினமும் ஏறும் சரிவில் புல் நிற்காது. ஆகவே அதிகம் மிதிபடும் தடத்தில் கல்லோ கட்டையோ பதித்து, மிதிபடாத பக்கத்தில் வேர்ப்பிடிப்புள்ள செடிகளை நட்டு, மழைநீர் எங்கே இறங்கும் என்று முன்பே பார்த்துவைக்க வேண்டும். இறங்கும் நீரை மூடிய வடிகாலில் மறைப்பதை விடத் திறந்த சிறு வாய்க்காலில் ஓடவிடுவது நல்லது. மழை வந்த நாளில் அதுவே அந்த வாரத்தின் மிகச் சிறந்த விளையாட்டுப் பொருளாகிவிடும்.

மணலும் தண்ணீரும் சேரும் இடம்

ஒரே ஓர் அம்சத்துக்குத்தான் வசதி இருக்கிறது என்றால் எதைத் தேர்வது என்று கேட்டால், தயங்காமல் மணலும் தண்ணீரும் அருகருகே என்பேன். உலர்ந்த மணலைக் குவித்தால் அது ஏறக்குறைய 30 முதல் 35 பாகைச் சாய்வில் தானாகச் சரிந்து நின்றுவிடும். அதற்கு மேல் என்ன செய்தாலும் நிற்காது. கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் மணல் துகள்களுக்கு இடையே நீர்ப்பாலங்கள் உருவாகி, செங்குத்துச் சுவரே எழுப்பலாம். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் எல்லாம் குழைந்து ஓடும். இந்த மூன்று நிலைகளுக்கும் இடையிலான எல்லையைக் கண்டுபிடிப்பதில் ஒரு குழந்தை ஒரு மாதம் செலவிடும். அளவு, விகிதம், அணை, கசிவு, அரிப்பு என்று நாம் பின்னால் பெயர் சூட்டும் எல்லாவற்றையும் அது முதலில் விரலால் அறிகிறது. ஆகவே மணல் குழி ஒரு மூலையிலும் குழாய் மறு மூலையிலும் உள்ள திடலைக் கண்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். உப்பை ஒரு வீட்டிலும் சோற்றை ஒரு வீட்டிலும் வைத்தது போன்ற அமைப்பு அது.

தண்ணீரைக் குழாயில் திறந்துவிடுவதை விட அடித்து இறைக்கும் கைப்பம்பில் தருவது இரண்டு வகையில் சிறந்தது. நீர் வீணாவது குறையும். ஒருவர் அடிக்க, ஒருவர் வாய்க்காலைத் திருப்ப, ஒருவர் அணை கட்ட வேண்டியிருப்பதால் பேச்சும் பேரமும் சண்டையும் சமாதானமும் தானாக வரும். பாதுகாப்பு விதி எளிது: நீர் ஓட வேண்டும், தேங்கக் கூடாது. சில சென்டிமீட்டர் ஆழ நீரில்கூட மிகச் சிறு குழந்தை மூழ்கிவிட முடியும். கொசுவோ, தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். எனவே மணல் குழிக்கு அடியில் சரளை அடுக்கும் வடிகாலும் இருக்க வேண்டும், இரவில் மூட வலையோ உறையோ வேண்டும். பூனைகள் மணல் குழியைக் குழந்தைகளுக்காக அமைத்தது என்று ஒப்புக்கொள்வதில்லை.

மரம், புதர், ஒளிவிடம்

நிழலுக்காக மரம் நடுவதை விட, ஏற்கெனவே உள்ள மரத்தைத் தேடிப் போய் அதைச் சுற்றித் திடலை அமைப்பதே அறிவு. இன்று நட்ட கன்று, அதை நட்டபோது மூன்று வயதாக இருந்த குழந்தை பள்ளியை விட்டுப் போகும் தறுவாயில்தான் உருப்படியான நிழல் தரும். மறுபக்கம், வெயிலில் கிடக்கும் ரப்பர் தளமும் தார்த்தளமும் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறக்கூடியவை. பிஞ்சுக் கைகால் பொறுக்கும் சூடு அல்ல அது.

இருக்கும் மரத்தைக் காப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. அடிமரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்ப்பகுதியாகக் கொள்வது கட்டுமானத் துறையில் வழக்கம். 30 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 3.6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் தோண்டுவதோ, மண்ணைக் கொட்டி உயர்த்துவதோ, பொக்லைன் ஓட்டுவதோ கூடாது. குழந்தைகளின் கால்களும் மண்ணை இறுக்கும் என்பதால் அங்கே கனமான தழை மூடாக்கு போட வேண்டும். மரத்தை மையமாக வைத்துத் திட்டம் வரைந்துவிட்டு, கட்டும்போதே அதன் வேரை அறுத்துக் கொன்ற திடல்கள் குறைவல்ல. இரண்டு மூன்று ஆண்டு கழித்து மரம் பட்டுப்போகும்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

புதர்களின் பயன் வேறு. ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: தன்னைக் காட்டாமல் பிறரைப் பார்க்க முடிகிற இடமே மனிதனுக்கு இதமானது. குழந்தைகளைக் கவனித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசைக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் அவர்கள் தேடுவது அதைத்தான். ஆனால் பொறுப்பாசிரியருக்கு எல்லோரும் கண்ணில் பட வேண்டும். இந்த முரணை உயர வேறுபாடு தீர்த்துவைக்கிறது. நான்கு வயதுக் குழந்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும் புதருக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தை தன்னை உலகம் மறந்துவிட்டதாக நினைக்கும். நிற்கும் பெரியவருக்கு அதன் உச்சந்தலை தெரிந்துகொண்டே இருக்கும். செடித் தேர்வில் அரளி, ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி போன்ற நச்சுச் செடிகளுக்கு இடமில்லை. குன்றிமணியின் அழகே அதன் ஆபத்து. எல்லாச் செடிகளும் அழகுக்காக இருக்க வேண்டியதில்லை. பறிக்க, கசக்கி முகர, உதிர்ந்ததைப் பொறுக்க என்றே சில செடிகளை ஒதுக்க வேண்டும். "பூவைப் பறிக்காதே" என்ற பலகை வைக்க வேண்டியிருந்தால் செடியைத் தவறாகத் தேர்ந்திருக்கிறோம் என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மரக்கட்டை இருந்தாலே இயற்கை வெளி ஆகிவிடாது. வட்டமாக அடுக்கி வார்னிஷ் பூசி ஆணியடித்த கட்டைகள் மரத்தாலான பெஞ்சுகள், அவ்வளவுதான். எதிர்த்திசையில் ஆம்ஸ்டர்டாமைப் பாருங்கள். ஆல்டோ வான் ஐக் 1947 முதல் சுமார் முப்பதாண்டுகளில் அங்கே 700க்கும் மேற்பட்ட திடல்களை அமைத்தார். கான்கிரீட் விளிம்புள்ள மணல் குழி, வட்டக் கற்கள், கரணம் போடும் இரும்புக் கம்பி. இயற்கை என்று சொல்ல மணலைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் எந்தப் பொருளும் இன்னதுதான் செய் என்று குழந்தைக்குக் கட்டளையிடவில்லை. வார்னிஷ் பூசிய கட்டை வட்டத்தை விட அது இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது.

தெரிந்த ஆபத்தும் தெரியாத கேடும்

திட்டக் கூட்டங்களில் பாதி நேரத்தை விழுங்குவது பாதுகாப்பு பற்றிய பேச்சு. விழுங்கட்டும், ஆனால் சரியான கேள்வி கேட்கப்பட வேண்டும். குழந்தையால் பார்த்து எடைபோட முடிகிற ஆபத்து ஒன்று, பார்க்க முடியாத கேடு மற்றொன்று. இந்தக் கிளையில் ஏறலாமா என்பது முதல் வகை. அந்தக் கிளை உள்ளே உளுத்திருப்பது இரண்டாம் வகை. முதலாவதை அளவோடு வைத்திருக்க வேண்டும், இரண்டாவதைத் தேடித்தேடி அகற்ற வேண்டும். பல திடல்களில் நடப்பது தலைகீழ். உயரத்தையெல்லாம் குறைத்துவிட்டு, துருப்பிடித்த திருகாணியை விட்டுவிடுகிறார்கள்.

நார்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007இல், குழந்தைகள் தாமாகத் தேடும் துணிச்சல் விளையாட்டுகளை ஆறாக வகுத்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவி, தீயும் நீரும் போன்றவற்றின் அண்மை, கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணிலிருந்து மறைதல். இவை திடலுக்குள் கிடைக்காவிட்டால் குழந்தை திடலுக்கு வெளியே தேடும். வெளியே இருப்பது பெரும்பாலும் சாலை.

ஐரோப்பிய விளையாட்டுக் கருவித் தர விதியான இ.என். 1176 என்ற பெயரைச் சொல்லி மரமேறுவதைத் தடுப்பவர்கள் அதன் முன்னுரையைப் படித்ததில்லை என்று நினைக்கிறேன். துணிந்து பார்ப்பது விளையாட்டின் இன்றியமையாத கூறு என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த விதி மூன்று மீட்டர் வரை விழும் உயரத்தை அனுமதிக்கிறது; அதற்கேற்ற தரை மட்டும் வேண்டும். 30 செ.மீ. ஆழத்துக்கு மரப்பட்டைத் துண்டோ மரச்சீவலோ இருந்தால் மூன்று மீட்டர் வீழ்ச்சியைத் தாங்கும் என்று கொள்கிறார்கள். கால்பட்டு விலகும் என்பதால் மேலும் 10 செ.மீ. சேர்த்துப் போட வேண்டும். விதி கறாராக இருப்பது வேறு இடத்தில்: தலையோ உடலோ சிக்கும் இடைவெளி. 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் இடைப்பட்ட, நான்கு பக்கமும் அடைபட்ட திறப்பில் சிறு குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளக் கூடும். கிளைகளைக் கட்டி வேலி போடும்போதும் கட்டைகளை அடுக்கும்போதும் கையில் அளவுகோலோடு பார்க்க வேண்டியது இதைத்தான்.

2023இல் வெளியான பன்னாட்டுத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 4980, ஆபத்தை மட்டும் தனியாக மதிப்பிடாமல் நன்மையையும் அதே தாளில் எழுதி எடைபோடச் சொல்கிறது. ஒரு மரத்தை வெட்டுமுன் அதில் ஏறும் குழந்தை பெறுவதையும் எழுதியாக வேண்டும் என்றால், கோடரிகள் கொஞ்சம் தாமதமாக வரும்.

கற்றல் எங்கே ஒளிந்திருக்கிறது?

'கற்றல் வெளி' என்று பெயர் வைத்ததும் சிலருக்குக் கை பரபரக்கும். மரத்தில் எண் பலகை, சுவரில் எழுத்து, பாதையில் கிரகங்கள். இவற்றால் கேடில்லை, பெரிய பயனும் இல்லை. ஒருமுறை படித்த பலகையை இரண்டாம் முறை எந்தக் குழந்தையும் படிப்பதில்லை. அழுகும் கட்டை ஒன்றைப் புரட்டிப் பார்க்கும் இடத்தில் வைத்தால், அடியில் மரவட்டையும் மண்புழுவும் வெண்பூஞ்சையும் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருக்கும். சூரியன் நகர்வதைச் சொல்லித்தர ஒரு கம்பமும் அதன் நிழல் நுனியில் வைக்கக் கூழாங்கற்களும் போதும். ஆசிரியருக்கு வேண்டியது, இருபது பேர் வட்டமாக உட்கார ஒரு நிழல், எழுத ஒரு தட்டையான பரப்பு, குரல் கேட்கும் அளவு அமைதி. இவை மூன்றும் இல்லாத வெளிப்புற வகுப்பறை முதல் வாரத்தோடு கைவிடப்படும்.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தையைப் பற்றி இறுதியில் யோசிப்பது பழக்கமாகிவிட்டது. வரைபடத்தின் முதல் கோடே அந்தப் பாதையாக இருக்க வேண்டும். 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டருக்கு மிகாமல் உயரும் பாதை கைப்பிடி இல்லாமலே ஏறத்தக்கது. ஆனால் பாதை போய்ச் சேரும் இடத்தில் மணல் தரையில் கிடந்தால் வந்த பயன் என்ன? மணலும் நீரும் மடியளவு உயரத்தில் ஒரு தொட்டியிலும் இருக்க வேண்டும். மேட்டின் உச்சிக்கும் ஒரு வழி வேண்டும். உச்சியில் நின்று கீழே பார்ப்பது எல்லோருடைய உரிமையும்.

திறப்பு விழாவுக்குப் பின்

இரும்புச் சறுக்குமரம் ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் கேட்கும். இயற்கை வெளி வாரந்தோறும் ஆள் கேட்கும். மூடாக்கைக் கிளறி நிரப்ப வேண்டும், காய்ந்த கிளையை அறுக்க வேண்டும், உளுத்த கட்டையைச் சோதித்து மாற்ற வேண்டும், உதிரிப் பொருள்களில் உடைந்ததை நீக்கிப் புதிதைச் சேர்க்க வேண்டும். இதற்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் தொடங்கிய திடல்கள் சில ஆண்டுகளில் முள்ளும் சேறுமாகிப் போய், "அப்போதே சொன்னேன், ரப்பர் தளம் போட்டிருக்கலாம்" என்ற வாக்கியத்தைக் கேட்க வைக்கும். எம்டிரப்பில் பெர்டெல்சன் இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பலகையும் ஆணியும் போல அவரும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி.

சேறு பற்றியும் முன்பே பேசிவிட வேண்டும். பல நல்ல திடல்களை முடக்கியது விபத்து அல்ல, அழுக்கான உடைகள்தான். வகுப்பறை வாசலில் கால் கழுவும் இடம், ஈர உடை தொங்கவிடக் கொக்கி, மாற்றுடை வைக்க அலமாரி என இம்மூன்றையும் வரைபடத்தில் மேட்டுக்கும் மரத்துக்கும் சமமான கவனத்தோடு குறித்தால், வெளியே விடலாமா என்ற தினசரித் தயக்கம் பெருமளவு ஒழியும்.

கடைசியாக, பாதைகளை முதலிலேயே எல்லாம் போட்டுவிடாதீர்கள். சக்கர நாற்காலிக்கான முதன்மைப் பாதை தவிர மற்றவற்றைக் காலியாக விட்டு ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தால், குழந்தைகளின் கால்கள் தாங்களாகவே தடம் போட்டிருக்கும். வடிவமைப்பாளர் நேராக வரைந்த இடத்தில் அவர்கள் புதருக்குப் பின்னால் சுற்றிப் போயிருப்பார்கள். மேட்டுக்கு மூன்று வழி வைத்திருந்தால் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்து அதையே மொட்டையாக்கியிருப்பார்கள். அந்தத் தடங்களை ஒரு தாளில் வரைந்துகொண்டு, பதிக்க வேண்டிய கல்லை அப்போது வாங்கலாம்.